வெல்லம்பிட்டி ஒழுங்கை: ஓரம் வெடிக்குது, நடு இறங்குது. மேலே இன்னொரு காபெட் (அஸ்பால்ட் தார்ப்படை) போடலாமா?

கொலன்னாவைக்காரன் எழுதியது:

கொழும்புக்கு அருகே வெல்லம்பிட்டியில் எங்கள் ஒழுங்கை 110 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம். முன்பு வயல், பிறகு நிரப்பிய காணி. வீடுகளோடு கடைசியில் ஒரு சாமான் களஞ்சியம், அதற்கு ஆறு சில்லு லொறி வரும். காபெட் போட்டு இரண்டு மாரி முடிந்திருக்கிறது. இப்போது மூன்று விதமான சேதம்:

ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே, இரண்டு பக்கமும் நீளவாக்கில் வெடிப்பு. சில இடத்தில் விரல் போகும்.

நடுப்பகுதியில் சுமார் 25 மீற்றர் இறங்கி, 60-70 மி.மீ. பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அந்த இடத்திலேயே சில்லுத் தடத்தில் சிறு சிறு கட்டங்களாக வெடித்துக் கிடக்கிறது.

குழாய் பதிக்க வெட்டிய குறுக்குக் கிடங்கு அப்படியே கோடு போல் அமுங்கியிருக்கிறது.

கொந்தராத்துக்காரர் பள்ளத்தைக் காபெட்டாலேயே நிரப்பி, முழு நீளத்துக்கும் 40 மி.மீ. போட்டால் சரியாகும் என்கிறார். ஒழுங்கைக்காரர் சங்கத்தில் பாதிப் பேர் சம்மதம். வேறு வழி உண்டா?

—

தளமட்டம்:

வேண்டாம். இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

உங்கள் மூன்று சேதத்துக்கும் மூன்று காரணம். ஓர வெடிப்பு என்பது பக்கத்தில் பிடிமானம் இல்லாததால் வருவது. சிறு கட்ட வெடிப்பு, அதாவது முதலைத்தோல் வெடிப்பு, அடியிலுள்ள படை நனைந்து பலமிழந்து ஒவ்வொரு சில்லுக்கும் வளைந்து கொடுப்பதால் வருவது. 25 மீற்றர் இறக்கம் அதற்கும் கீழே, வயல் மண் அமுங்குவதால். மேலே ஒரே போர்வையைப் போர்த்தினால் மூன்றும் அதே இடத்தில் திரும்பி வரும்.

எடைக் கணக்கையும் பாருங்கள். இறுகிய அஸ்பால்ட் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2.35 தொன். 40 மி.மீ. என்றால் சதுர மீற்றருக்கு 94 கிலோ. 70 மி.மீ. பள்ளத்தையும் சேர்த்து 110 மி.மீ. நிரப்பினால் 258 கிலோ. லொறி வந்து போய்விடும், இந்த 258 கிலோ இரவு பகலாக அங்கேயே இருக்கும். சேற்று மண் அமுங்குவது இப்படி நிரந்தரமாக நிற்கும் பாரத்தால்தான். பள்ளம் விழுந்த இடத்தில் பாரத்தைக் கூட்டினால் இன்னும் பள்ளம் விழும்.

முதலில் ஒரு குழி. இறங்கிய பகுதியில், ஓரமாக, 600க்கு 600 மி.மீ., ஒரு மீற்றர் ஆழம். ஒவ்வொரு படையின் தடிப்பையும் அளந்து எழுதுங்கள். தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை அடுத்த நாள் காலையில் பாருங்கள். வெட்டிய உடனே தெரியும் மட்டம் பொய்.

முடிந்தால் மண்ணின் பலம் பார்க்கும் டிசிபி கருவி வாடகைக்கு எடுங்கள். 8 கிலோ சம்மட்டி 575 மி.மீ. உயரத்திலிருந்து விழும், 60 பாகைக் கூம்பு மண்ணுக்குள் இறங்கும். சம்மட்டியின் ஒரு அடிக்குக் கூம்பு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று படை படையாகக் குறித்து இங்கே போடுங்கள்.

—

ரோலர்பாஸ்:

தளமட்டம் அண்ணா சொன்னதோட ஒண்டு. குழி வெட்டும்போது ஏபிசியின்ர (காபெட்டுக்குக் கீழ இறுக்கிற நொறுக்குக் கல்லுப் படை) அடிப்பக்கத்தைக் கையில எடுத்து உடைச்சுப் பாருங்கோ. கல்லுக்கு இடையில கறுப்புச் சேறு ஏறியிருந்தா கல்லையும் மண்ணையும் பிரிக்கிற துணி கீழ போடேல்ல எண்டு அர்த்தம். லொறி மிதிக்க மிதிக்கக் கல்லு கீழ போகும், சேறு மேல வரும். போட்ட தடிப்பு முழுக்கக் கல்லாக மிஞ்சாது.

—

கொலன்னாவைக்காரன்:

குழி வெட்டிப் பார்த்தோம். விபரம்:

காபெட் 38 மி.மீ.
ஏபிசி 110. கீழ்ப் பாதியில் சேறு, ரோலர்பாஸ் சொன்ன மாதிரியே.
சிவப்புக் கிரவல் 250.
செங்கல் உடைசல், பொலித்தீன், மண் கலந்த நிரப்பு சுமார் 450.
அதற்குக் கீழே கறுப்புக் களி. வேர் இருக்கிறது, நாற்றம்.
தண்ணீர் 700 மி.மீ. ஆழத்தில்.

டிசிபி, அடிக்கு: ஏபிசி 6 மி.மீ., கிரவல் 15, நிரப்பு 45, கறுப்புக் களி 90.

—

தளமட்டம்:

நல்ல வேலை. 60 பாகைக் கூம்புக்கு இங்கிலாந்தின் டிஆர்எல் (போக்குவரத்து ஆராய்ச்சிக்கூடம்) தந்த சமன்பாட்டில் போட்டால் சிபிஆர் (நல்ல நொறுக்குக் கல்லை 100 என்று வைத்து மண்ணின் தாங்குபலத்தைச் சொல்லும் எண்) இப்படி வரும்: ஏபிசி 45, கிரவல் 17, நிரப்பு 5 சொச்சம், களி 2.6.

கிரவல் பரவாயில்லை. கீழ்ப்படை மண்ணுக்கு ஊறிய நிலையில் 20 கேட்பார்கள், அதற்குக் கிட்டவே நிற்கிறது. பிழை ஏபிசியில்தான். ஒழுங்காக இறுகிய ஏபிசி அடிக்கு 3 மி.மீ. அளவில்தான் இறங்கும், சிபிஆர் 80க்கு மேல் வரும். உங்களுடையது பாதி. தடிப்பும் போதாது. சிபிஆர் 5 மண்ணுக்கு மேல் லொறி ஓடும் ஒழுங்கையில் 150க்குக் குறைந்த ஏபிசியை ஒத்துக்கொள்ள ஏலாது.

இன்னொரு விஷயம். 850 மி.மீ.க்குக் கீழே இருப்பது சேதனக் களி, அதாவது உக்கிய தாவரம் கலந்த களி. இது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, பேலியகொடை தொடங்கி முத்துராஜவெல வரை சதுப்பு ஓரமெங்கும் கிடக்கும் சாமான். மேட்டுப் பக்கக் கொழும்பில் கபுக் கல்லின் (செம்பாறை) மேல் நிற்கும் வீதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

—

முருங்கன்மண்:

களிமண் என்றால் சுண்ணாம்பு கலப்பதுதானே முறை? இங்கே மன்னார்ப் பக்கம் முருங்கன் கறுப்பு மண்ணில் அதுதான் வேலை செய்கிறது. 4% சுண்ணாம்பு கலந்தால் சிபிஆர் பல மடங்கு ஏறும். ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

—

ஆய்வுகூடம்7:

தம்பி, இரண்டும் கறுப்பு, இரண்டும் களி, ஆனால் சுபாவம் வேறு.

முருங்கன் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதில் சேதனப் பொருள் குறைவு. சுண்ணாம்பு களித் துகளோடு தாக்கம் புரிந்து உப்பலை அடக்கும்.

வெல்லம்பிட்டிக் களியில் உக்கிய வேர், இலை எல்லாம் கிடக்கிறது. அதிலுள்ள சேதன அமிலம் சுண்ணாம்பைக் குடித்துவிடும். களியோடு சேர மிச்சம் இராது. சோதிப்பது சுகம்: 2, 3, 4, 5, 6% என்று தனித்தனிப் போத்தலில் மண், சுண்ணாம்பு, வடித்த நீர் போட்டு ஒரு மணித்தியாலம் குலுக்கிப் பிஎச் பாருங்கள். 12.4 வருகிற மிகக் குறைந்த வீதம்தான் உங்களுக்குத் தேவையானது. சதுப்புக் களியில் 6% போட்டும் 12.4 தொடாமல் நிற்பதுண்டு.

அதோடு, அந்தக் களி 850 மி.மீ. ஆழத்தில், தண்ணீருக்குள் இருக்கிறது. அங்கே போய் எதைக் கலப்பது?

உப்பிச் சுருங்கும் பிரச்சினையும் இங்கே சிறிது. தண்ணீர் மட்டம் வருடம் முழுக்க மேலேயே நிற்பதால் கீழ் மண் காய்வதே இல்லை. இணையத்தில் களிமண் வீதி என்று தேடினால் வரும் ஆலோசனையில் பெரும்பகுதி வறண்ட நாட்டுக் கரிசல் மண்ணுக்கு எழுதியது. அதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர ஏலாது.

—

முருங்கன்மண்:

விளங்கிச்சு அக்கா, நன்றி. ஆனால் வன்னி, மன்னார்ப் பக்கம் வேலை செய்கிற யாராவது இந்த இழையைப் பார்த்தால் உதவட்டும் என்று முறையைப் போட்டுவிடுகிறேன்.

150 மி.மீ. தடிப்புக்கு, உலர் அடர்த்தி 1.6 தொன் என்று எடுத்தால், சதுர மீற்றருக்கு 240 கிலோ மண். 4% என்றால் 9.6 கிலோ சுண்ணாம்பு. 25 கிலோ மூட்டை ஒன்று 2.6 சதுர மீற்றருக்கு. மூட்டைகளைக் கட்டம் போட்டு வைத்துப் பிறகு வெட்டிப் பரப்பினால் அளவு பிசகாது. காற்று நாளில் பரப்பாதீர்கள். நீற்றாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

ரொட்டவேற்றரால் கட்டி உடையும்வரை கலக்க வேண்டும். பவுசரால் தண்ணீர் அடித்து, லேசாக உருட்டி மூடி, 24 முதல் 48 மணித்தியாலம் ஊற விட வேண்டும். இந்த ஊறலைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு சுண்ணாம்பு வேலை செய்யாது என்கிறவர்கள். திரும்பக் கலக்கி, இறுக்கி, ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள், அல்லது எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) அடித்து மூடுங்கள். மண்ணில் சல்பேற்று அதிகம் என்றால் இந்த முறை வேண்டாம். சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் மோசமாக உப்பும்.

ஓரம் முக்கியம். உப்பும் மண்ணில் ஈர மாற்றம் வீதி ஓரத்திலிருந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் உள்ளே வரை நடக்கும். அதனால் தோளையும் (வீதியை ஒட்டிய ஓரப் பட்டை) அந்த அகலத்துக்குத் தார் போட்டு மூடினால் ஈரம் மாறுகிற இடம் சில்லுத் தடத்தை விட்டு வெளியே போய்விடும். பெரிய மரம் என்றால் அதன் உயரத்தளவு தூரமாவது தள்ளி நிற்க வேண்டும்.

—

ரோலர்பாஸ்:

சரி, வெல்லம்பிட்டிக்கு வருவம். முழு ஆழத்துக்கும் தோண்டிக் களிய எடுத்துப் போட்டிட்டுக் கல்லு நிரப்பலாமெண்டு யாராவது சொல்லுவினம். சொல்ல முதலே சொல்றன், செய்யாதேங்கோ. மேல இருக்கிற கிரவலும் நிரப்பும்தான் உங்களைத் தாங்கிக்கொண்டு நிக்குது. பெக்கோ (மண் வெட்டுற மெசின்) அதை உடைச்சுக் களிக்குப் போனா கிடங்கு தண்ணி நிரம்பும், பக்கத்து மதில் சரியும், பெக்கோவே தாழும்.

—

தளமட்டம்:

ஆமாம், கிரவலும் நிரப்பும் சேர்ந்த அந்த மேல் ஓடு உடையக் கூடாது. என் யோசனை, அந்த 25 மீற்றருக்கு (100 சதுர மீற்றர்):

இப்போதைய மட்டத்திலிருந்து 340 மி.மீ. மட்டும் வெட்டுங்கள். காபெட், சேறு ஏறிய ஏபிசி, கிரவலில் 190 அளவு போகும். கிரவலில் 60 அளவு அடியில் மிஞ்சும், அதைத் தொடாதீர்கள். பல்லில்லாத வாளியால் பின்னோக்கி வெட்ட வேண்டும். வெட்டிய தளத்தில் லொறி ஏறவே கூடாது.

அதன் மேல் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல், சதுர மீற்றருக்கு 200 கிராம். இணையும் இடத்தில் 500 மி.மீ. மேலேற்றம். சுருக்கமில்லாமல் இழுத்து விரித்து, கல்லை முன்னாலிருந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும். துணிக்கு மேல் நேரடியாகச் சில்லு ஏறினால் கிழியும்.

துணிக்கு மேல் 175 மி.மீ. நல்ல கிரவல், அதன் மேல் 175 ஏபிசி, அதன் மேல் 50 காபெட். மொத்தம் 400. ஆக இப்போதைய பள்ளத்தை விட 60 மி.மீ. உயரும். சதுர மீற்றருக்கு நூறு கிலோவுக்கு மேல் புதுப் பாரம்தான், மறுக்கவில்லை. காலப்போக்கில் கொஞ்சம் இறங்கும். அதைக் குறைக்க வேண்டுமென்றால் 30 மி.மீ. மட்டும் உயர்த்தி, தண்ணீரை ஒரு பக்கச் சரிவில் கானுக்கு (வடிகாலுக்கு) விடுங்கள். 4 மீற்றருக்கு 2.5% சரிவு என்றால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 100 மி.மீ. வித்தியாசம். தண்ணீர் நிற்காத பள்ளம் பெரிய குற்றமில்லை.

ஏபிசி கணக்கு: 100 சதுர மீற்றருக்கு 175 மி.மீ. என்றால் இறுகிய பின் 17.5 கன மீற்றர். தளர்வாக 1.3 மடங்கு, கிட்டத்தட்ட 23 கன மீற்றர். ஒரு கியூப் (நூறு கன அடி) 2.83 கன மீற்றர் என்பதால் 8 கியூப். இரு ஓரத்திலும் 300 மி.மீ. அகலக் கூடுதலுக்கு இன்னும் ஒன்றே கால் கியூப் சேருங்கள்.

—

ரோலர்பாஸ்:

இறுக்கிறதில கவனம். ஒரு தொன் பேபி ரோலரைக் கொண்டு வந்து 175ஐ ஒரே படையாப் போட்டா மேல் 80 மி.மீ.தான் இறுகும், கீழ பொருபொரு எண்டு கிடக்கும். பேபி ரோலரெண்டா 75-100 படையாப் போடுங்கோ. 8 தொன் ரோலரெண்டா ஒரே படை போகும். ஆனா இந்த மண்ணில அதிர்வு போடாதேங்கோ. அதிர்வு கீழ இருக்கிற தண்ணிய மேல இழுக்கும், கொஞ்ச நேரத்தில தளம் ரப்பர் மாதிரி ஆடும். முதல் படைக்கு அதிர்வில்லாமல், மெதுவா, கூடத் தரம் ஓடுங்கோ. மதில் வெடிச்சுதெண்டு பக்கத்து வீட்டுச் சண்டையும் வராது.

ஏபிசி லொறியில வரேக்கையே ஈரமா வரவேணும். காய்ஞ்சு வந்தா கொட்டேக்க பெரிய கல்லு ஓரத்துக்கு ஓடும், தூள் நடுவில நிக்கும்.

—

கல்லடுக்கு:

அந்த 25 மீற்றருக்கு ஏன் காபெட்? அது இன்னும் இறங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்டர்லொக் கல் போடுங்கள். 80 மி.மீ. தடிப்பு, 30 மி.மீ. மணல் மெத்தை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய ஹெரிங்போன் அடுக்கு. இறங்கினால் கல்லைக் கிளப்பி, மணல் சேர்த்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். 200க்கு 100 அளவுக் கல் சதுர மீற்றருக்கு 50 போகும். உடைசலையும் சேர்த்து 5,200 வாங்கி வையுங்கள். குழாய் வெட்ட வந்தாலும் வீதி நாசமாகாது.

—

தளமட்டம்:

நியாயமான யோசனை. இரண்டு நிபந்தனை. ஓரத்தில் கொங்கிரீட் தடுப்புக் கட்டாயம், இல்லாவிட்டால் லொறி திரும்பும்போது கல் விரிந்து இடைவெளி திறக்கும். மற்றது, மணல் மெத்தைக்கு வடிகால் வேண்டும். அங்கே வெள்ளம் வரும் இடம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடியும்போது மெத்தை மணலும் கூடவே போனால் கல் ஆடத் தொடங்கும். குவாரித்தூசியை மெத்தையாகப் போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துச் சேறாகும். ஆற்று மணல், அல்லது கழுவிய பரும்படி மணல்.

இந்த இரண்டும் செய்வீர்கள் என்றால் காபெட்டை விட இதுவே எனக்குப் பிடிக்கும்.

களஞ்சியத்துக்கு முன்னால் லொறி நின்ற இடத்திலேயே சுக்கான் திருப்பும் பகுதி இருந்தால், அங்கே இரண்டுமே வேண்டாம். 150 மி.மீ. கொங்கிரீட் போட்டுவிடுங்கள். மத்தியான வெயிலில் நின்றபடி திருப்பும் சில்லு காபெட்டைக் கிழித்துவிடும். லொறியிலிருந்து சொட்டும் டீசல் தாரைக் கரைக்கும். கொங்கிரீட்டுக்கு அந்தப் பயமில்லை.

—

கொலன்னாவைக்காரன்:

சங்கத்தில் ஒருவர், கொழும்பு வெயிலுக்குத் தார் உருகுகிறது, அதனால்தான் வெடிக்கிறது என்று அடித்துச் சொல்கிறார்.

—

ஆய்வுகூடம்7:

உருகினால் வெடிக்காது, தடம் விழும். இரண்டும் எதிரெதிர் நோய்.

இங்கே பாவிப்பது 60/70 தரப் பிட்டுமின் (தார்). இளகுநிலை ஏறத்தாழ 48 முதல் 56 பாகை. கறுப்புத் தளம் உச்சி வெயிலில் 60ஐத் தொடக்கூடும். ஆனாலும் வீதி ஓடுவதில்லை, ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது கல்லோடு கல் பூட்டிக்கொள்ளும் பிடி. பிட்டுமின் 5% அளவுதான்.

வெற்றிடம்தான் பார்க்க வேண்டியது. இறுகிய காபெட்டில் காற்று வெற்றிடம் 3%க்குக் கீழே போனால் வெயிலில் தார் மேலே கசிந்து பளபளக்கும், சில்லுத் தடம் பள்ளமாகும். 8%க்கு மேலே போனால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். காற்றில் பிட்டுமின் இறுகி நொறுங்கும், தண்ணீர் கல்லிலிருந்து தாரை உரிக்கும். ஒழுங்கைகளில் கையால் பரப்பி, ஆறிய பிறகு உருட்டிய காபெட் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஒரு சுகமான பார்வை: மழை விட்டு எல்லா இடமும் காய்ந்த பிறகும் காபெட்டில் சில திட்டு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அங்கே வெற்றிடம் கூட.

நமது கருங்கல்லில் குவார்ட்ஸ் கூடிய வகைகளுக்குத் தாரைவிடத் தண்ணீரையே பிடிக்கும். கலவையில் நிரப்பியாக 1-2% நீற்றிய சுண்ணாம்பு சேர்த்தால் உரிதல் நன்றாகக் குறையும். முருங்கன்மண் தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும், சுண்ணாம்புக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

—

கொலன்னாவைக்காரன்:

ஓர வெடிப்புக்கு? அதுதான் அதிக நீளம்.

—

ரோலர்பாஸ்:

கான் எங்க இருக்கு? காபெட் ஓரத்தோட ஒட்டி மண் கானெண்டா அதுதான் காரணம். ஓரத்துக்கு அணை இல்லை, சில்லு ஏறினா வெளிப்பக்கம் சரியும்.

—

கொலன்னாவைக்காரன்:

ஆமாம், ஒட்டியே. ஒரு பக்கம் மண் கான், மறு பக்கம் மதில் வரை வெறும் புல்.

—

தளமட்டம்:

கான் பக்கம்: ஓரத்தை 500 மி.மீ. அகலத்துக்கு நேராக வெட்டி எடுத்து, ஏபிசியைக் காபெட் ஓரத்துக்கு வெளியே 300 மி.மீ. நீட்டிப் போட்டு இறுக்குங்கள். வெளி ஓரத்தில் 100க்கு 250 கொங்கிரீட் தடுப்பு. கானை யு வடிவக் கொங்கிரீட் கானாக மாற்ற முடிந்தால் அதன் சுவரே தடுப்பாகும். ஆனால் சுவரில் ஒன்றரை மீற்றருக்கு ஒரு 50 மி.மீ. துளை, ஏபிசியின் அடி மட்டத்தில் விடுங்கள். துளையில்லாத கான் சுவர் வீதியைத் தொட்டியாக்கிவிடும், ஏபிசிக்குள் போன தண்ணீருக்கு வெளியே போக வழியிராது. துளைக்குப் பின்னால் ஒரு துண்டு ஜியோடெக்ஸ்டைல்.

புல் பக்கம்: மண் வீதியை விட உயர்ந்திருக்கும், பாருங்கள். அதைச் சீவி, வீதியை விடத் தாழ்த்தி, 4% சரிவில் கிரவல் தோள். புல் உயர்ந்து நின்றால் மழை நீர் ஓரத்தில் தேங்கி வெடிப்பினுள் நேராக இறங்கும்.

கானின் அடி ஏபிசியின் அடியை விட 300 மி.மீ. தாழ்ந்திருப்பது நல்லது. தாழ்நிலத்தில் அந்த 300 பல இடத்தில் கிடைக்காது, வெளிவாய் கால்வாய் மட்டம் விடாது. கிடைத்த அளவு.

—

ரோலர்பாஸ்:

குழாய்க் கிடங்கை மறக்காதேங்கோ. வெட்டின அகலத்துக்கு மட்டும் திரும்ப நிரப்பினபடியாத்தான் கோடு மாதிரி அமுங்கிக் கிடக்கு. இரு பக்கமும் 200 மி.மீ. கூடுதலா நல்ல காபெட்டையும் சேர்த்து வெட்டுங்கோ. 150 படையா, தகட்டு அதிர்வியால இறுக்கி, கடைசி 200 ஏபிசி. புதுக் காபெட் போட முதல் ஒழுங்கைக்குக் குறுக்கா ரெண்டு மூண்டு இடத்தில 110 மி.மீ. பிவிசி குழாயை வெறுமனே புதைச்சு வையுங்கோ. நாளைக்கு ஒருத்தர் தண்ணி எடுக்கோணும் எண்டா வீதிய வெட்டத் தேவையில்லை. இரண்டு முனையையும் மூடி, மதிலில அடையாளம் போடுங்கோ.

—

கொலன்னாவைக்காரன்:

மிச்சமுள்ள நல்ல பகுதிக்கு இப்போது எதுவும் செய்யத் தேவையில்லையா?

—

ஆய்வுகூடம்7:

வெடிப்பை மூடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் அதற்கு நல்ல காலம். ஏப்ரல் மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

3 மி.மீ.க்குக் குறைந்த மயிர் வெடிப்பு பரவலாக இருந்தால் மணல் பூச்சு: எமல்ஷன் சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் சொச்சம், மேலே பரும்படி மணல் அல்லது தூசி நீக்கிய குவாரிப் பொடி 10 கிலோ அளவு, சில்லு ரோலர். 3 முதல் 20 மி.மீ. வரையான தனி வெடிப்பு என்றால் கம்ப்ரசரால் ஊதி, காய்ந்திருப்பதை உறுதி செய்து, ரப்பர் கலந்த சூடான நிரப்பி. மேலே தடவும் பட்டை 50 மி.மீ. அகலம், 2-3 மி.மீ. உயரம், அதற்கு மேல் வேண்டாம். தடித்தால் வெயிலில் சில்லில் ஒட்டிக்கொண்டு வரும். முதலைத்தோல் வெடிப்பில் நிரப்பி ஊற்றுவது வீண் செலவு, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

குழி விழுந்தால் சதுரமாக, செங்குத்துச் சுவரோடு வெட்டுங்கள். தளர்ந்ததை எல்லாம் எடுத்து, சுவருக்கும் அடிக்கும் எமல்ஷன் பூசி, 50 மி.மீ. படையாக நிரப்பி இறுக்குங்கள். கடைசிப் படை இறுகியபின் 3-5 மி.மீ. உயர்ந்து நிற்கட்டும். பையில் வரும் குளிர் கலவை மழை நாளில் தற்காலிகமாகக் கை கொடுக்கும், வெயில் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

—

கொலன்னாவைக்காரன்:

சங்கம் ஒத்துக்கொண்டது. நடுப் பகுதிக்கு இன்டர்லொக், கான் பக்க ஓரத்துக்கும் குழாய்க் கிடங்குக்கும் காபெட். போடும் நாளில் நாங்கள் நின்று என்ன பார்க்க வேண்டும்?

—

ரோலர்பாஸ்:

ஏபிசி மேல முதல் பூச்சு, எமல்ஷன் ஒரு லீற்றர் அளவு, போட்டு ஒரு நாள் விடுங்கோ. பழைய காபெட் வெட்டு ஓரத்துக்கு ஒட்டுப் பூச்சு 0.3 லீற்றர். கபில நிறத்தில இருக்கேக்க கலவை கொட்ட விடாதேங்கோ, கறுத்தாப் பிறகுதான். ஒட்டுப் பூச்சு கூடினாலும் பிழை, காபெட் வழுக்கி அரைவட்டமா வெடிக்கும்.

ரோலர் உருளையில ஒட்டாமல் இருக்க டீசல் பூசுவாங்கள். விடாதேங்கோ, தாரைக் கரைக்கும். சவர்க்காரத் தண்ணி காணும்.

மழை தூறினா கொட்டினதை மட்டும் உருட்டி முடிச்சு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கோ. ஈரத் தளத்தில சூட்டுக் கலவை விழுந்தா ஆவி அடியில மாட்டும், பிறகு அந்த இடம் படையாக் கழண்டு வரும்.

—

ஆய்வுகூடம்7:

50 மி.மீ. காபெட்டுக்கு 14 மி.மீ. கல்லுக்கு மேல் உள்ள கலவை வேண்டாம். தடிப்பு பெரிய கல்லின் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோலரின் கீழ் கல் நசுங்கும்.

சூடு: லொறியிலிருந்து கொட்டும்போது 140-160 பாகை. தூரத்திலிருந்து காட்டும் துப்பாக்கித் தேர்மாமீற்றர் மேல்தோலை மட்டும்தான் அளக்கும். குத்தும் வகையைக் குவியலுக்குள் ஒரு சாண் இறக்கிப் பாருங்கள். நீலப் புகை எழுந்தால் தொழிற்சாலையிலேயே கருக்கிவிட்டார்கள். 130க்குக் கீழே வந்தால் அது நெரிசலில் ஆறிய லொறி, திருப்பி அனுப்புங்கள். தார்ப்பாய் மூடாமல் வந்தாலும் அப்படியே. பேலியகொடை நெரிசலைத் தவிர்க்க அதிகாலையில் வரச் சொல்லுங்கள். முதல் உருட்டல் பரப்பிய உடனே தொடங்க வேண்டும், 80-90 பாகைக்கு ஆறும் முன் எல்லா உருட்டலும் முடிய வேண்டும். 50 மி.மீ.க்கு அரை மணித்தியாலம்கூடக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

அளவையும் நீங்களே போட்டு வையுங்கள். கான் பக்க ஓரம் 110 மீற்றர், அரை மீற்றர் அகலம் என்றால் 55 சதுர மீற்றர். அதில் இன்டர்லொக் பகுதியின் 25 மீற்றர் கழித்தால் 42.5. 50 மி.மீ. தடிப்புக்கு 2.1 கன மீற்றர், 5 தொன். குழாய்க் கிடங்குக்கு ஒரு தொன் சேர்த்து 6 தொன் கேளுங்கள். தராசுச் சீட்டில் வெறும் லொறி எடையும் தொழிற்சாலையை விட்ட நேரமும் எழுதியிருக்க வேண்டும். சீட்டைக் கையில் வாங்கிய பிறகு டிப்பரைத் தூக்கச் சொல்லுங்கள்.